தன் கடிதத்தைத் தானே வாசிக்க: கிராமத்துப் பெண்களும் கைத்தொலைபேசியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் சமூகப்பணி உபகுழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



எமது உபகுழுவுக்கு ஒதுக்கப்பட்ட பொருள் ‘கிராமங்களும் கைத்தொலைபேசித் தொடர்பும்’ என்பது. பெண்கள் பாடசாலை ஒன்றின் பழைய மாணவிகள் கூடிய நூற்றாண்டு விழாவில் கோபுரம், சிக்னல், டேட்டா என்று பேசுவது சிலருக்குப் பொருத்தமில்லாததாகப் படலாம். ஆகவே தொலைபேசியைச் சற்று ஒருபுறம் வைத்துவிட்டு, கடிதத்திலிருந்து தொடங்குகிறோம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து ஊர்களிலிருந்து ஆண்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தொழிலுக்குப் போனார்கள். புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாக இருந்தார்கள். அங்கிருந்து கடிதம் வரும், காசு வரும். கடிதத்தின் மேல் மனைவியின் பெயர்தான் இருக்கும். ஆனால் வாசிக்கத் தெரியாத மனைவி அதை எடுத்துக்கொண்டு அயலில் படித்தவர் ஒருவரின் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் திண்ணையில் இருந்து உரத்து வாசிப்பார். புருஷன் எவ்வளவு காசு அனுப்பினான், யாருக்கு என்ன வருத்தம், எந்தக் காணியில் என்ன வழக்கு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியுமுன் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். பதில் எழுதுவிக்கும்போது சொல்ல நினைத்ததில் பாதியை அவள் விழுங்கிக்கொள்வாள். இன்னொருவர் கையால் எழுதுவிக்கும் கடிதத்தில் ஒரு பெண் தன் மனதில் உள்ளதை எப்படிச் சொல்வாள்?

எமது கல்லூரியைப் போன்ற பாடசாலைகள் அக்காலத்தில் செய்த பெரிய காரியம், அந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்ததுதான். முதலில் மகள் வாசித்தாள். பிறகு அந்த மகள் தாயானாள். 1931 இல் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. எமது பிள்ளைகள் வைத்தியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் பொறியியலாளர்களாகவும் ஆன கதையை இந்த மலரின் மற்றப் பக்கங்கள் விரிவாகச் சொல்லும். அந்தப் பட்டங்களுக்கெல்லாம் அடியில் இருப்பது, ஒரு பெண் தனக்கு வந்த கடிதத்தைத் தானே வாசித்த அந்த நாள் என்று நாம் நம்புகிறோம்.

இப்போது தொலைபேசிக்கு வருவோம். வன்னிப் பக்கத்துச் சிறு சந்தி ஒன்றில் இருக்கும் கொமினிகேஷன் கடையில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஐம்பது வயதுத் தாய் ஒருவர் தம் கைத்தொலைபேசியைக் கண்ணாடி மேசைக்கு மேலால் நீட்டுவார். “தம்பி, இதில என்ன வந்து கிடக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ” என்பார். தம்பி வாங்கிப் பார்ப்பார். வங்கியிலிருந்து வந்த செய்தியை வாசிப்பார். மகன் அனுப்பிய காசு எவ்வளவு, கணக்கில் மிச்சம் எவ்வளவு என்று சொல்வார். இரகசிய இலக்கம் கேட்டால் அதையும் அந்தத் தாய் சொல்வார். பெரும்பாலும் அந்தத் தம்பி நல்ல பிள்ளைதான். சில நேரம் காசுகூட வாங்கமாட்டார். ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்தத் திண்ணை அப்படியே இருக்கிறது. இடையில் கண்ணாடி மேசை ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் தாயின் ஊரில் கோபுரம் நிற்கிறது. கையில் தொலைபேசி இருக்கிறது. கணக்கெடுப்பில் அவர் ‘தொடர்பு உள்ளவர்’. ஆனால் தமக்கு வந்த செய்தியை அவரால் வாசிக்க முடியவில்லை. எமது சங்கம் நூற்றாண்டு நினைவாக எதைச் செய்வது என்று இன்று மாலை முடிவெடுக்க இருக்கிறோம். அந்த முடிவுக்கு முன் இந்தத் தாயை நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

எமது மண்ணில் தொலைபேசி வந்த கதையைச் சுருக்கமாக நினைவூட்டுகிறோம். தெற்காசியாவின் முதலாவது கைத்தொலைபேசிச் சேவை 1989 இல் இலங்கையில்தான் ஆரம்பமானது. கொழும்பில் சிலர் கையில் தொலைபேசியோடு நடக்கத் தொடங்கிய அடுத்த ஆண்டே, 1990 இல், போரினால் யாழ்ப்பாணம் இருந்த கம்பித் தொலைபேசியையும் இழந்தது, மின்சாரத்தையும் இழந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இந்த மண்டபத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது. வெளியில் உள்ளவரின் சுகம் அறியக் கடிதம் ஒன்றே வழி. அது எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. 2002 இல் ஏ-9 பாதை திறந்த பின்னர்தான் கைத்தொலைபேசி யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 2006 இல் பாதை மூடப்பட்டபோது அதற்கும் தடை வந்தது. வன்னிக் கிராமங்களில் கோபுரங்கள் பரவலாக எழுந்தது 2009 இற்குப் பிறகே. மற்றவர்கள் இருபது ஆண்டுகளில் படிப்படியாகப் பழகியதை எமது கிராமத்துப் பெண்கள் சில ஆண்டுகளுக்குள் பழக வேண்டியதாயிற்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் வந்த சின்னத் தொலைபேசியை எமது ஆச்சிமார் வெகு சுலபமாகப் பழகிக்கொண்டார்கள். பச்சைப் பொத்தானை அமத்தினால் பேசலாம், சிவப்பை அமத்தினால் நிறுத்தலாம். ‘இரண்டை அமத்திப் பிடித்தால் மகன், மூன்றை அமத்திப் பிடித்தால் மகள்’ என்று ஒருவர் ஒழுங்கு செய்து கொடுத்துவிட்டால் போதும். அதற்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. வாயும் காதும் போதுமானவையாக இருந்தன.

வெறும் பேச்சே எவ்வளவு செய்யும் என்பதற்கு அயல்நாட்டுக் கரையிலிருந்து ஓர் ஆய்வு சான்று தருகிறது. கேரளத்தின் வடபகுதிக் கடற்கரையில் 1997 இலிருந்து 2001 வரை கைத்தொலைபேசி படிப்படியாக வந்தது. அதற்கு முன் சாளை மீன் பிடித்த வள்ளங்கள் பழக்கப்பட்ட கரைக்கே போகும்; அங்கே மீன் குவிந்து கிடந்தால் வாங்க ஆளின்றி மீனைக் கொட்ட வேண்டியதுதான். பக்கத்துக் கரையில் அதே நேரம் மீன் கிடைக்காமல் ஆட்கள் நிற்பார்கள். தொலைபேசி வந்த பிறகு கடலில் இருந்தபடியே விலை விசாரித்து வள்ளத்தைத் திருப்பினார்கள். இதை ஆராய்ந்த றொபேட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007 இல் எழுதிய கட்டுரையில், மீனவரின் இலாபம் 8 வீதம் கூடியது, வாங்குவோர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது, மீன் வீணாவது நின்றே போயிற்று என்று காட்டினார். இதெல்லாம் வெறும் பேச்சினால் வந்த பலன்.

எமது பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1990 என்ற இலக்கத்தை இப்போது அழைத்தால் நோயாளர் காவு வண்டி வாசலுக்கு வருகிறது. இந்த இலவசச் சேவை 2016 இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி 2018 இல் வடக்குக்கும் வந்தது. எந்த ஆண்டில் எமது தொலைபேசிகள் ஊமையானவோ அதே இலக்கம் இன்று உயிர் காக்கும் இலக்கமாக இருக்கிறது. அந்த அழைப்புக்கும் எழுத்தறிவு வேண்டாம். சிக்னல் மட்டும் இருந்தால் போதும்.

பிறகு ஸ்மார்ட் போன் வந்தது. அதோடு எழுத்தும் திரும்பி வந்தது. அரசாங்கமும் வங்கியும் பாடசாலையும் ஒவ்வொன்றாகத் தொடுதிரைக்குள் போயின. 2020 மார்ச் 13 ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் வட்ஸ்அப்பிலும் ஸூமிலும் வந்தது. 2022 இல் எரிபொருளுக்கு கியூ.ஆர். முறை வந்தது. அப்போது மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் வேண்டுமென்றால் இணையத்தில் பதிய வேண்டியிருந்தது, தொலைபேசிக்கு வரும் இலக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2023 இல் அஸ்வெசும வந்தபோது பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்ய இணையத்தைத் தேடி ஓடினார்கள். பரீட்சைப் பெறுபேறும் பல்கலைக்கழக விண்ணப்பமும் இணையத்தில். பேசிப் பழகிய தொலைபேசியை வாசிக்கத் தெரிந்தால்தான் அரிசிக்கும் பெற்றோலுக்கும் வழி என்றாயிற்று.

கடந்த சில ஆண்டுகளாகத் தீவுப்பகுதியிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களிலும் தாய்மாரோடு இருந்து பேசியதில், அவர்களுக்கு முன்னால் மூன்று தடைகள் இருப்பதைக் கண்டோம்.

முதலாவது, சிக்னல். வரைபடத்தில் முழு ஊருக்கும் சேவை உண்டு என்று நிறம் தீட்டியிருக்கும். ஆனால் வீட்டுக்குள் கிடைக்காது, வரம்பில் நின்றால் கிடைக்கும். இதற்குக் காரணம் உண்டு. குறைந்த அலைவரிசை, உதாரணமாக 900 மெகாஹேர்ட்ஸ், நெடுந்தூரம் போகும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 1800 போன்ற கூடிய அலைவரிசை அவ்வளவு தூரம் போகாது. தகரக் கூரை அதை மேலும் மறிக்கும். வீடுகள் ஐதாக உள்ள இடத்தில் கோபுரம் கட்டினால் வருமானம் போதாது என்று நிறுவனங்கள் பின்நிற்கும். ஒரே கோபுரத்தைப் பல ஊர்கள் பங்குபோடும்போது மாலை நேரத்தில் வேகம் படுத்துவிடும். மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும். 2022 இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் உள்ள நெடுந்தீவு தேசிய மின்கட்டமைப்போடு இணைக்கப்படாமல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே காலம் கழித்த இடம். அங்கே தொடர்பு என்பது முதலில் மின்சாரப் பிரச்சினை.

இது எமது மாகாணத்துக்கு மட்டும் உரிய துன்பம் அல்ல. 2021 இல் உலகமெங்கும் வெளியான படங்களை நினைத்துப் பாருங்கள். போகிட்டியாவ என்ற சிங்களக் கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டு வழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு பாறையில் ஏறிப் பாடத்தைப் பெற்றார்கள். லுணுகலைப் பக்கத்தில் பிள்ளைகள் மலையுச்சியில் மரத்தின் மேல் கட்டிய பரணில் இருந்து படித்தார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ‘கமட்ட சன்னிவேதனய’ என்ற பெயரில் கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்கும் திட்டத்தை இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தொடங்கியது. வேண்டியதுதான். எந்த ஊரில் எந்த இடத்தில் சிக்னல் இல்லை என்று எழுதி, பிரதேச செயலகத்தின் ஊடாக ஆணைக்குழுவுக்கு அனுப்பும் வேலையை எமது சங்கமும் செய்யலாம். கோபுரம் எழுப்பும் பலம் எமக்கில்லை; கடிதம் எழுதும் பலம் உண்டு.

இரண்டாவது தடை, மொழி. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. ஆனால் தொலைபேசிக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வருகின்றன. ‘இந்த இலக்கத்தை எவருக்கும் சொல்ல வேண்டாம்’ என்ற எச்சரிக்கையே ஆங்கிலத்தில் வந்தால், அதை வாசிப்பிக்க அந்தத் தாய் இன்னொருவரிடம்தானே போக வேண்டும்? எச்சரிக்கையை அறிந்துகொள்ளும் வழியிலேயே இரகசியம் போய்விடுகிறது. ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்று பேசுகிறவனோ நல்ல தமிழில் பேசுகிறான். ஏமாற்றுபவன் தாய்மொழியில் வருகிறான். காப்பாற்ற வரும் செய்தி அந்நிய மொழியில் வருகிறது.

மூன்றாவது தடையைப் பற்றி நாம் வெளியில் பேசுவது குறைவு. வீட்டில் இருக்கும் தொலைபேசி யாருடையது? ‘எங்கட வீட்டில போன் இருக்கு’ என்று சொல்லும் பெண்ணிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால், அது கணவருடையது அல்லது மகனுடையது என்று தெரியவரும். அவர் தோட்டத்துக்கோ கடலுக்கோ போகும்போது தொலைபேசியும் போய்விடும். லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் 2018 இல் நாடளாவிய ரீதியில் செய்த ஆய்வில், இலங்கைப் பெண்கள் இணையத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஆண்களைவிட 34 வீதம் குறைவு என்று கண்டது. எழுத்தறிவில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாக நிற்கும் நாட்டில் இந்த இடைவெளி வெட்கத்துக்குரியது. போரில் கணவரை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் பலர் வாழும் எமது மாகாணத்தில் இதன் பாரம் இன்னும் கூட.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் டிஜிட்டல் எழுத்தறிவைக் கணக்கிடுகிறது. கணினி, மடிக்கணினி, ரப், ஸ்மார்ட் போன் ஆகியவற்றில் ஒன்றைத் தானாகப் பயன்படுத்தத் தெரிந்தவரை அது எழுத்தறிவுள்ளவர் என்கிறது. நகரம் முன்னிற்க, கிராமம் அதற்குப் பின்னும் பெருந்தோட்டப்புறம் எல்லோருக்கும் பின்னும் நிற்பதை அக்கணக்கு காட்டுகிறது. அந்த வரைவிலக்கணத்தில் ‘தானாக’ என்ற சொல்தான் எமக்கு முக்கியம். யூரியூப்பில் பாட்டுப் போடத் தெரிவது ஒன்று. தன் வங்கிக் கணக்கைத் தானாகப் பார்க்கத் தெரிவது வேறொன்று.

சகோதரிகளே, இப்போது சிறிது சங்கடமான பகுதிக்கு வருகிறோம். லண்டன், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகள் நூற்றாண்டு அன்பளிப்பாகக் கிராமங்களுக்கு ரப் வாங்கிக் கொடுக்க முன்வந்திருக்கின்றன. குளிரில் இரட்டை வேலை செய்து சேர்த்த காசு அது என்பது எமக்குத் தெரியும். அதற்குத் தலைவணங்கி ஒரு மாற்று யோசனையை வைக்கிறோம். ரப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சக் காசை ஆட்களுக்குச் செலவிடுவோம்.

ஏன்? கருவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போன இடங்களை நாம் பார்த்திருக்கிறோம். முதல் மாதம் படம் எடுப்பார்கள். அடுத்த மாதம் டேட்டா முடியும். பிறகு மின்னேற்றும் வயர் பழுதாகும். ஆறு மாதத்தில் அது அலுமாரிக்குள் போய்விடும். அல்லது வீட்டில் வலிமையுள்ளவர் கைக்குப் போய்விடும். கடந்த காலத்திலும் பாடம் இருக்கிறது. ‘ஈ-ஸ்ரீலங்கா’ திட்டத்தின் கீழ் நாடெங்கும் கோயில்களிலும் விகாரைகளிலும் நூலகங்களிலும் நூற்றுக்கணக்கான நெணசல, அதாவது அறிவகம், நிலையங்கள் திறக்கப்பட்டன. அத்திட்டம் 2014 இல் பில் அன்ட் மெலிண்டா கேற்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் விருதையும் பெற்றது. நல்ல எண்ணம், நல்ல வேலை. ஆனால் அவ்வாறான நிலையங்களில் எது நிலைக்கிறது என்று பார்த்தால், எங்கே பொறுமையாகப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க ஒருவர் இருக்கிறாரோ அது நிலைக்கிறது. அந்த ஒருவர் போனால் கணினிகள் தூசி பிடிக்கின்றன.

அந்த ஒருவரை எமது கல்லூரியால் கொடுக்க முடியும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கும்வரை எமது பிள்ளைகள் வீட்டில் காத்திருக்கும் காலம் எவ்வளவு நீளமானது என்பது தாய்மாருக்குத் தெரியும். கிராமங்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. காலையில் பத்திரிகை வாசிக்க ஆண்கள் வருவார்கள். பின்னேரம் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். காத்திருக்கும் பிள்ளைகளையும் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தையும் சேர்த்துவிடுவோம். முதல் வருடத்தில் ஆறு நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிள்ளைகள். கிழமையில் இரண்டு பின்னேரம். போக்குவரத்துச் செலவும் மாத உதவுதொகையும் சங்கம் கொடுக்கும். நிலையத்தில் ஒரு வைஃபை இணைப்பு, மின்வெட்டுக்குத் தாக்குப்பிடிக்க ஒரு சிறிய சூரிய மின்கலத் தொகுதி, பொதுப் பாவனைக்கு இரண்டு ரப். ஒரு ரப்பின் விலையில் ஒரு பிள்ளைக்குச் சில மாத உதவுதொகையைக் கொடுக்கலாம்.

அந்தப் பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் விதிகள் நான்கே. முதலாவது, தாயின் தொலைபேசி தாயின் கையிலேயே இருக்க வேண்டும்; வாங்கி அமத்திக் கொடுக்கக்கூடாது. இரண்டாவது, இரகசிய இலக்கம் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஒரு காரியத்தை முதல் நாள் காட்டலாம், இரண்டாம் நாள் துணை நிற்கலாம், மூன்றாம் நாள் அவரே செய்ய வேண்டும். நான்காவது, கேலியாக ஒரு சிரிப்புக்கூட வரக்கூடாது. ‘இது தெரியாதா அம்மா?’ என்ற ஒரு சொல்லில் ஒரு தாய் திரும்பி வராமல் போய்விடுவார்.

பாடத்திட்டமும் சின்னதுதான். முதல் நாள், தொலைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றுவதும் எழுத்தைப் பெரிதாக்குவதும். அடுத்து, அவசரத்துக்கு 1990, அரசாங்கத் தகவலுக்கு 1919, விவசாய ஆலோசனைக்கு 1920 ஆகிய இலக்கங்களைப் பதிந்து வைப்பது. ஒருமுறை அழைத்தும் பார்ப்பது. பிறகு குரல் செய்தி. எழுத்துக் கூட்டத் தயங்கும் தாய்மார் பலர் குரல் செய்தியை நாம் சொல்லாமலே பழகிவிட்டார்கள். அந்தத் துணிவிலிருந்து மேலே கட்டலாம். அதன்பின் வங்கிச் செய்தியை வாசித்தல், ஏமாற்று அழைப்பை அடையாளம் காணல், பிள்ளையின் பெறுபேற்றைப் பார்த்தல், விண்ணப்பம் நிரப்புதல். பார்வை இழந்தவர்களுக்குத் திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டும் வசதி தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது. அதை இயக்கிக் காட்ட ஒரு கை வேண்டும். தெரிந்தவர்கள் மனம் வைத்தால் பனையோலைப் பொருள், கருவாடு, மிளகாய்த்தூள் விற்கும் பெண்கள் பேஸ்புக்கில் வாடிக்கையாளரைப் பிடிப்பதும் தானாக வரும்.

‘வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் சொல்லிக் கொடுக்கலாமே’ என்று கேட்கிறார்கள். வீட்டுப் பிள்ளை சொல்லிக் கொடுப்பதில்லை. ‘தாங்கோ அம்மா’ என்று பறித்து, தானே செய்து கொடுத்துவிடும். மேலும், மகன் பார்க்கக்கூடாது என்று தாய் நினைக்கும் கணக்கும் உண்டு, கடனும் உண்டு, வைத்திய அறிக்கையும் உண்டு. ‘பெண்கள் கையில் போனைக் கொடுத்தால் கெட்டுப்போவார்கள்’ என்றும் சிலர் சொல்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன், பெண்பிள்ளைக்கு எழுதப் படிப்பித்தால் காதல் கடிதம்தான் எழுதுவாள் என்று சொன்னவர்களின் பேரர்கள் அவர்கள். அன்று அதற்கு எமது முதல் ஆசிரியைமார் வாயால் பதில் சொல்லவில்லை. வகுப்பைத் திறந்தார்கள்.

இன்னொன்றையும் சங்கம் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். எவ்வளவு கற்பித்தாலும் எல்லோரும் திரைக்கு வரமாட்டார்கள். எண்பது வயது ஆச்சி வரத் தேவையும் இல்லை. ஆகவே இணையம் வந்துவிட்டது என்பதற்காகக் கடதாசிப் படிவத்தையும் அலுவலகத்தில் இருந்து பேசும் மனிதரையும் எடுத்துவிடக்கூடாது. புதிய வாசலைத் திறப்பவர்கள் பழைய வாசலைப் பூட்டாமல் இருக்க வேண்டும். உரிமைக்கு வந்த பெண்ணிடம் ‘இணையத்தில் போடுங்கோ’ என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புவது சேவை அல்ல.

எமது யோசனையில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. பெயர்ப்பலகை வைத்துத் திறப்பு விழாச் செய்யக்கூடிய கட்டடமும் இல்லை. ஒரு வருடம் கழித்து வந்து பார்க்கும்போது படம் எடுத்துக் காட்டுவதற்கும் அதிகம் இருக்காது. ஆறு கிராமங்களில் சில தாய்மார் கொமினிகேஷன் கடைக்கு ரீலோட் போட மட்டும் போவார்கள்; மகன் அனுப்பிய காசு எவ்வளவு என்பது அவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். கணக்குக் காட்டக்கூடிய பலன் அவ்வளவே. ஆனால் பெண்ணுக்கு எழுத்து வேண்டும் என்று இக்கல்லூரியைத் தொடங்கியவர்கள் இன்று இருந்திருந்தால் இதையே செய்திருப்பார்கள் என்று எண்ணுகிறோம்.

மாலைக் கூட்டத்தில் இந்தப் பிரேரணை உங்கள் முன் வரும். கிளைகளின் சகோதரிகள் கேள்விகளோடு வாருங்கள்; பதிலோடு காத்திருக்கிறோம். உயர்தரம் எழுதி முடித்த பிள்ளைகள் இப்போதே பெயர் தரலாம். பதிவுப் புத்தகம் நூலக வாசலில் இருக்கிறது.